ஒரே டி.என்.ஏ., வெவ்வேறு உறுப்பு: கருவில் மரபணுவுக்குச் சுவிட்ச் போடுவது எது?

கேள்வி இதுதான்: "உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் கல்லீரலில் மட்டும் அல்புமின், கண் வில்லையில் கிரிஸ்டலின், தசையில் மையோசின் என்று எப்படிப் பிரிகிறது? கரு வளரும்போது எந்த மரபணு எங்கே இயங்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? ஆய்வகத்தில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

"திசுவுக்கே உரிய மரபணு" என்று பாடப்புத்தகங்களில் வரும் சொல்லை முதலில் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். கருவளர்ச்சியில் முக்கியமான மரபணுக்கள் பெரும்பாலும் பல இடங்களில் வேலை செய்பவை. கைக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று அவற்றுக்குத் தனித்தனிச் சுவிட்சுகள் இருக்கின்றன. ஆகவே திசுவுக்கு உரியது சுவிட்ச்தான். மரபணு பொதுச் சொத்து. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

"ஒரே டி.என்.ஏ." என்பது உண்மைதானா என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1962-ல் உயிரியலாளர் ஜான் கர்டன், தவளைத் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்தார். சில முட்டைகள் முழுத் தவளைகளாகவே வளர்ந்தன. குடல் செல்லுக்குள் கண்ணும் காலும் செய்யத் தேவையான எல்லாத் தகவலும் அப்படியே இருந்திருக்கிறது என்று பொருள். 1996-ல் பிறந்த டாலி ஆடு, வளர்ந்த பாலூட்டிக்கும் இது பொருந்தும் என்று காட்டியது. விதிவிலக்குகள் உண்டு. நம் சிவப்பணுக்கள் முதிரும்போது உட்கருவையே வெளியே தள்ளிவிடுகின்றன. எதிர்ப்பாற்றல் தரும் பி, டி செல்கள் தங்கள் ஏற்பி மரபணுக்களை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. இவை போன்ற சிலவற்றை விட்டால் மீதி எல்லாச் செல்லிலும் நூலகம் ஒன்றேதான். எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆறாவது விரல் சொல்லும் கதை

நம் ஊரில் ஆறு விரலோடு பிறந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். கட்டைவிரல் பக்கத்தில் கூடுதல் விரல் முளைக்கும் வகையை எடுத்துக்கொண்டால், சுவிட்ச் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்றொரு மரபணு. மனிதரில் 7-வது குரோமோசோமில் இருக்கிறது. (பெயர் ஒரு வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தினுடையது. அந்த மரபணுவில் கோளாறுள்ள குழந்தையின் பெற்றோரிடம் இந்தப் பெயரைச் சொல்ல மருத்துவர்கள் சங்கடப்படுவதுண்டு.) இது தயாரிக்கும் புரதம் செல்லைவிட்டு வெளியேறி அக்கம்பக்கச் செல்களுக்குச் சேதி சொல்லும். கரு உடலின் பக்கவாட்டில் கை ஒரு சின்ன மொட்டாக எழும்பும்போது, அந்த மொட்டின் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் மட்டும் இந்த மரபணு இயங்குகிறது. அங்கிருந்து பரவும் புரதத்தின் அளவும் அது கிடைக்கும் நேரமும் சேர்ந்துதான் எது சுண்டுவிரல், எது ஆள்காட்டி விரல் என்பதை வகுக்கின்றன. கட்டைவிரலுக்கு இந்தப் புரதம் தேவையே இல்லை.

இந்தக் கை மொட்டுக்கான சுவிட்ச் எங்கே இருக்கிறது? மரபணுவுக்குப் பக்கத்தில் இல்லை. சுமார் 10 லட்சம் எழுத்துகள் (டி.என்.ஏ. வரிசையின் அலகுகள்) தள்ளி, எல்.எம்.பி.ஆர்.1 என்ற இன்னொரு மரபணுவின் 5-வது இன்ட்ரானுக்குள் (மரபணுவுக்குள் இருந்தும் புரதத்துக்கான தகவல் இல்லாத இடைப்பகுதி) குடியிருக்கிறது. நீளம் ஏறத்தாழ 800 எழுத்து. பெயர் இசட்.ஆர்.எஸ். குடியிருக்கும் வீட்டுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை; அது வேலை பார்ப்பது தூரத்து உறவுக்கு. இப்படிப் புரதம் எதையும் தயாரிக்காமல், வேறொரு மரபணு எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் டி.என்.ஏ. துண்டுக்குத்தான் என்ஹான்சர் என்று பெயர். மரபணுவின் வாசலிலேயே இருக்கும், படியெடுக்கும் நொதி வந்து உட்காரும் இடம் புரோமோட்டர். புரோமோட்டர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

இசட்.ஆர்.எஸ். துண்டை எலியிலிருந்து வெட்டி எடுத்தால் கையும் காலும் நுனிப்பகுதி இல்லாமல் குட்டையாக நின்றுவிடுகின்றன. மூளை, தண்டுவடம், குடல் எல்லாம் சரியாக இருக்கின்றன. இதற்கு மாறாக மரபணுவையே கெடுத்தால் எலிக்குட்டிக்கு முகத்தின் நடுவில் ஒற்றைக் கண் குழி, சிதைந்த முன்மூளை, தண்டுவடக் கோளாறு, கை கால் குறை என்று எல்லாம் ஒன்றாக வருகின்றன, பிறந்து பிழைப்பதில்லை. மனிதரில் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே முன்மூளை இரண்டாகப் பிரியாத ஹோலோபுரோசென்செபலி வரலாம். மரபணு கெட்டால் அது வேலை செய்யும் எல்லா இடமும் பாதிக்கப்படும்; சுவிட்ச் கெட்டால் ஓர் இடம் மட்டும்.

அந்த 800 எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், கட்டைவிரல் பக்க ஓரத்திலும் மரபணு இயங்கத் தொடங்கிவிடலாம். விளைவு, கூடுதல் கட்டைவிரல், அல்லது மூன்று கணுவுள்ள கட்டைவிரல். பல நாட்டுக் குடும்பங்களில் இப்படித் தலைமுறை தலைமுறையாக வரும் எழுத்து மாற்றங்கள் தெரியும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் ஓர் எழுத்தாளரின் பழைய வீட்டில் திரியும் ஆறு விரல் பூனைகளுக்கும் இதே துண்டில்தான் மாற்றம். உடம்பெல்லாம் வெள்ளை ரோமம் போர்த்த சில்கி கோழிக்கு ஐந்தாவது விரல் இருப்பதும் இங்கேதான்.

பாம்புக்குக் கால் இல்லாமல் போனதிலும் இதற்குப் பங்குண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் எலியின் இசட்.ஆர்.எஸ். துண்டை எடுத்துவிட்டு மற்ற விலங்குகளின் துண்டை வைத்துப் பார்த்தார்கள். மனிதத் துண்டு வைத்தால் கால் சரியாக வந்தது. மீனின் துண்டுக்கும் அப்படியே. பாம்பின் துண்டு வைத்ததும் கால் குட்டைக் கட்டையாக நின்றுவிட்டது. பாம்புத் துண்டில் 17 எழுத்து காணாமல் போயிருந்தது. அதைத் திரும்பச் சேர்த்ததும் எலிக்குக் கால் வந்துவிட்டது.

800 எழுத்துக்குள் இடம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது?

என்ஹான்சருக்குக் கண் இல்லை. தான் கையில் இருக்கிறோமா, கல்லீரலில் இருக்கிறோமா என்று அதற்குத் தெரியாது. செல்லுக்குள் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்பதைத்தான் அது "படிக்கிறது". 6 முதல் 12 எழுத்து நீளமுள்ள குறிப்பிட்ட சொற்களை அடையாளம் கண்டு டி.என்.ஏ.வில் உட்காரும் புரதங்கள், படியெடுப்புக் காரணிகள் எனப்படுகின்றன. மனிதருக்கு இப்படிச் சுமார் 1,600 காரணிகள் உண்டு. 20,000 மரபணுக்களை மேய்க்க 1,600 பேர் என்றால் ஆளுக்கு ஒரு மரபணு என்ற கணக்கே வராது. ஆகவே கூட்டணிதான் வழி.

பழ ஈயின் கருவில் இது எழுத்துக்கு எழுத்து தெரியும். கருவுற்று ஏறத்தாழ 3 மணி நேரத்தில் ஈவன்-ஸ்கிப்டு என்ற மரபணு கருவின் குறுக்கே ஏழு பட்டைகளாக இயங்குகிறது. ஏழும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒரே ஆணையில் வருவதில்லை. இரண்டாம் பட்டைக்கென்று 480 எழுத்து அளவில் தனி என்ஹான்சர் உண்டு. அதில் பைகாய்டு, ஹன்ச்பேக் என்ற இரண்டு புரதங்கள் உட்கார்ந்தால் "இயங்கு" என்ற சேதி. ஜயன்ட், குருப்பெல் என்ற வேறு இரண்டில் ஒன்று உட்கார்ந்தாலும் "நிறுத்து". கருவின் முன்பாதி முழுக்க முதல் இரண்டும் உள்ளன. பட்டைக்கு முன்னால் ஜயன்ட், பின்னால் குருப்பெல். இரண்டு தடைக்காரர்களும் இல்லாத இடுக்கில் மட்டும் சில செல் அகலத்துக்குப் பட்டை விழுகிறது. என்ஹான்சரில் ஜயன்ட் உட்காரும் இடங்களை அழித்தால் பட்டை முன்பக்கமாக விரிந்துபோகிறது. எல்லைக்கோட்டைத் தடைகள்தான் போடுகின்றன என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். "இயக்கு" என்று சொல்பவரை மட்டும் தேடிப்போனால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். சுவிட்ச் எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். நேர்மாறு. இசட்.ஆர்.எஸ். துண்டில் ஈ.டி.எஸ். குடும்பக் காரணிகள் உட்காரும் இடங்கள் பல, அரைகுறைச் சொற்களாகவே இருக்கின்றன. காரணி அங்கே தளர்வாகத்தான் ஒட்டும். தனியாக ஒட்ட முடியாததால்தான் கூட்டாளிகள் எல்லாரும் உள்ள இடத்தில் மட்டும் சுவிட்ச் வேலை செய்கிறது. அந்தச் சொல்லைக் "திருத்தி" நன்றாக ஒட்டும்படி செய்யும் ஓர் எழுத்து மாற்றமே, மரபணுவைத் தவறான இடத்தில் இயங்கவைத்து கூடுதல் விரல் தருகிறது. செயற்கையாக என்ஹான்சர் வடிவமைப்பவர்கள் எல்லா இடத்திலும் மிகச் சிறந்த சொல்லையே வைத்துவிட்டு, "ஏன் எல்லாத் திசுவிலும் ஒளிர்கிறது?" என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் காரணிகளை யார் அங்கே வைத்தார்கள்?

நியாயமான மறுகேள்வி. காரணியும் ஒரு புரதம்; அதற்கும் ஒரு மரபணு; அதற்கும் ஒரு சுவிட்ச். இந்தச் சங்கிலி எங்கே தொடங்குகிறது?

பழ ஈயில் தாயிடம். பைகாய்டு புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வை (மரபணுவிலிருந்து எடுத்த படி) தாய் முட்டையின் ஒரு முனையில் கட்டிவைத்துவிடுகிறாள். அந்த முனைதான் தலை. பாலூட்டிகளில் முட்டைக்குள் அப்படி முன்கூட்டியே வரைந்த வரைபடம் இல்லை. செல்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு இடத்தைத் தீர்மானிக்கின்றன. கல்லீரல் நல்ல உதாரணம். எலியில் 8-வது நாள் வாக்கில், முன்குடலின் வயிற்றுப்பக்க உட்படலம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் இதயத்தை ஒட்டியிருக்கிறது. இதயம் அனுப்பும் எஃப்.ஜி.எஃப். சேதியும், பக்கத்துத் திசு அனுப்பும் பி.எம்.பி. சேதியும் கிடைத்த செல்களில் அல்புமின் மரபணு இயங்கத் தொடங்குகிறது. அவை கல்லீரல் ஆகின்றன. அந்தப் படலத்தை இதயத் திசு இல்லாமல் தனியே வளர்த்தால் கல்லீரலுக்குப் பதில் கணையத்தின் மரபணுக்களை இயக்குகிறது. இதயத்துக்குப் பதில் எஃப்.ஜி.எஃப். புரதத்தை மட்டும் கொடுத்தாலும் கல்லீரல் மரபணுக்கள் இயங்குகின்றன.

அதே சேதி தோல் செல்லுக்குக் கிடைத்தால் அல்புமின் வராது. அதற்குக் காரணம் டி.என்.ஏ.வின் கட்டுமானம். டி.என்.ஏ. நூல் உட்கருவில் அவிழ்ந்து கிடப்பதில்லை. 147 எழுத்துக்கு ஒரு கண்டு என்று ஹிஸ்டோன் புரதங்கள் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்றிய இடத்தில் உள்ள சொல்லைப் பெரும்பாலான காரணிகளால் படிக்க முடியாது. சுற்றிய நூலிலும் ஒட்டத் தெரிந்த சில காரணிகளை முன்னோடிக் காரணிகள் என்கிறோம். முன்குடல் படலத்தில் ஃபாக்ஸ்-ஏ, காட்டா-4 என்ற இரண்டும் அல்புமின் என்ஹான்சரில் முன்பே உட்கார்ந்து இடம் திறந்துவைத்திருக்கின்றன. அப்போது அல்புமின் ஒரு துளியும் உருவாவதில்லை. சேதி வந்ததும்தான் மரபணு இயங்குகிறது. தயார்நிலை வேறு, இயக்கம் வேறு. தோல் செல்லில் அந்தத் தயார்நிலையே கிடையாது.

சொல் இருந்தால் போதாது, திறந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. தசையை உருவாக்கும் மையோ-டி காரணி தேடும் சொல்லுக்கு ஆறு எழுத்து. அதில் நான்கு மட்டுமே கட்டாயம், நடு இரண்டும் எதுவாகவும் இருக்கலாம். தற்செயலாக 256 எழுத்துக்கு ஒருமுறை அது வரும். மனித மரபணுத்தொகுதியின் 310 கோடி எழுத்தில் சுமார் 1.2 கோடி இடம்! தசைச் செல்லில் மையோ-டி உண்மையில் உட்காருவது சில பத்தாயிரம் இடங்களில்தான். 1987-ல் மையோ-டி ஒன்றை மட்டும் எலியின் நார்த்திசுச் செல்லுக்குள் செலுத்தினார்கள். அவை தசைச் செல்களாக மாறின. உடனே "தலைமை மரபணு" என்ற பேச்சு பரவியது. ஆனால் எல்லாச் செல் வகையும் இப்படி முழுசாக மாறுவதில்லை. கூட்டாளிகளும் திறந்த இடங்களும் இல்லாத செல்லில் தலைமையின் பேச்சு எடுபடாது.

ஒருமுறை முடிவான பிறகு பூட்டுப்போடும் வேலை பாலிகோம்ப் புரதங்களுக்கும் டி.என்.ஏ. மெத்திலேற்றத்துக்கும் (டி.என்.ஏ. எழுத்தின் மேல் மெத்தில் குறி ஒட்டுவது). தேவையில்லாத மரபணுக்களை இவை மூடிவைக்கின்றன. செல் பிரியும்போது அந்த மூடல் மகள் செல்களுக்கும் போகிறது. "மெத்திலேற்றம்தான் மரபணுவை இயக்கும் சுவிட்ச்" என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது பூட்டுத்தான். எந்தக் கதவுக்குப் பூட்டு என்ற முடிவு அதற்கு முன்பே ஆகிவிட்டிருக்கும்.

தூரத்தையும் வேலியையும் பற்றி ஒரு வார்த்தை. 10 லட்சம் எழுத்தை நேராக நீட்டினால் 0.34 மில்லிமீட்டர்; உட்கருவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே நூல் மடிந்துதான் இருக்கும். கொஹீசின் என்ற வளையம் நூலை இழுத்து இழுத்துக் கண்ணியாக்குகிறது, சி.டி.சி.எஃப். புரதம் உட்கார்ந்த இடம் வந்ததும் நிற்கிறது; அந்த இடம்தான் வேலி. இரண்டு வேலிக்கு நடுவிலுள்ள என்ஹான்சர் அந்த வளைவுக்குள் இருக்கும் மரபணுக்களோடுதான் பெரும்பாலும் உறவாடும். வேலி உடைந்தால் பக்கத்து வீட்டு மரபணு இயங்கிவிடும். ஈ.பி.ஹெச்.ஏ.4 மரபணுவின் பக்கத்தில் வேலியோடு சேர்த்து ஒரு பகுதி அழிந்தால், அதன் கை என்ஹான்சர்கள் பாக்ஸ்-3 மரபணுவைப் பிடித்துக்கொள்கின்றன. விரல்கள் குட்டையாகின்றன. 2015-ல் இது எலியிலும் செய்துகாட்டப்பட்டது. எந்த மரபணுவிலும் எழுத்துப்பிழை இல்லை. இடம் மட்டும் மாறியது.

சுவிட்சை உடைத்து ஒரு சிகிச்சை

கருவில் இருக்கும்போது நம் ரத்தத்தில் ஓடுவது ஆல்பா, காமா என்ற இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஹீமோகுளோபின். பிறந்த பிறகு காமா அணைந்து பீட்டா இயங்குகிறது. பெரியவர்களுக்குக் காமா வகை பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழ். சிக்கிள் செல் நோயிலும் பீட்டா தலசீமியாவிலும் கெட்டிருப்பது பீட்டா. அதனால்தான் இந்தக் குழந்தைகள் முதல் சில மாதங்கள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு நோயில் விழுகிறார்கள். (இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.)

காமாவை அணைப்பவர் பி.சி.எல்.11ஏ என்ற காரணி. அதை ஒழித்தால் காமா திரும்ப வரும். ஆனால் அந்த மரபணுவையே வெட்ட முடியாது: பி செல்லுக்கும் மூளைக்கும் ரத்த மூல செல்லுக்கும் அது வேண்டும். அதன் 2-வது இன்ட்ரானில், சிவப்பணுவாக மாறும் செல்லில் மட்டும் வேலை செய்யும் ஓர் என்ஹான்சர் இருக்கிறது. அதில் காட்டா-1 காரணி உட்காரும் ஒரே ஓர் இடத்தைக் காஸ்-9 என்ற, டி.என்.ஏ.வை வெட்டும் நொதிக் கத்தரியால் உடைத்தால், சிவப்பணு வரிசையில் மட்டும் பி.சி.எல்.11ஏ குறைகிறது. நோயாளியின் சொந்த ரத்த மூல செல்களை வெளியே எடுத்து, இப்படி வெட்டி, மஜ்ஜையைக் கீமோ மருந்தால் காலிசெய்து திரும்பச் செலுத்தும் இந்தச் சிகிச்சைதான் காஸ்ஜெவி. பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா அந்த டிசம்பரிலும் அனுமதித்தன. சுவிட்சுக்குத்தான் திசு உண்டு என்ற பாடத்தின் நேரடிப் பயன் இது.

ஆய்வகத்தில் ஒரு சுவிட்சைக் கண்டுபிடிப்பது

முதல் வேலை, எந்த இடம் திறந்திருக்கிறது என்று பார்ப்பது. இப்போது எல்லாரும் செய்வது அட்டாக்-சீக் என்ற சோதனை. திசுவைப் பிரித்து 50,000 உயிருள்ள செல்களை எடுத்து, மென்மையான சோப்புக் கரைசலால் செல் சவ்வை மட்டும் கரைத்து உட்கருவைப் பிரித்து, அதோடு டி.என்-5 நொதியை 37 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். நூல் திறந்திருக்கும் இடத்தில் நொதி வெட்டி, வரிசை படிப்பதற்கான வால் துண்டையும் ஒட்டிவிடும். இங்கே சறுக்குவது பெரும்பாலும் செல் கணக்கில்தான். செல் அதிகமானால் வெட்டு போதாது. குறைந்தால் மூடிய இடமும் வெட்டுப்படும். செத்த செல்கள் கலந்திருந்தால் அவற்றின் அவிழ்ந்த டி.என்.ஏ. எல்லா இடத்திலும் இரைச்சலாக வரும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஹிஸ்டோன் இல்லாததால் நொதிக்கு அது விருந்து. சோப்புக் கழுவல் சரியில்லை என்றால் படித்த வரிசையில் பெரும்பங்கு அதிலேயே வீணாகும். வரிசை படிக்க அனுப்புவதற்கு முன் துண்டு நீளங்களைப் பாருங்கள். சின்னத் துண்டுகளும், ஒரு கண்டு, இரண்டு கண்டு அளவுத் துண்டுகளும் ஏணிப்படி போலத் தெரிய வேண்டும். ஏணி இல்லையென்றால் அந்த மாதிரிக்கு மேற்கொண்டு காசு செலவழிக்க வேண்டாம்.

திறந்த இடமெல்லாம் என்ஹான்சர் அல்ல. புரோமோட்டரும் திறந்திருக்கும், சி.டி.சி.எஃப். வேலியும் திறந்திருக்கும். ஆகவே ஹிஸ்டோன்-3 புரதத்தின் 27-வது லைசினில் அசிட்டைல் குறி இருக்கிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள். இயங்கும் என்ஹான்சரில் அது இருக்கும். அதே 27-ல் மூன்று மெத்தில் குறி இருந்தால் அது பாலிகோம்ப் பூட்டு. மேலும் அந்தத் துண்டு பல விலங்குகளில் மாறாமல் இருந்தால் நம்பிக்கை கூடும். ஆனால் இவையெல்லாம் சந்தேகப்பட்டியல்தான், நிரூபணம் அல்ல.

நிரூபணத்துக்கு அந்தத் துண்டை வெளியே எடுத்து வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். 500 முதல் 2,000 எழுத்து நீளத் துண்டை, தனியாக வேலை செய்யாத ஒரு குறைந்தபட்சப் புரோமோட்டருக்கு முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் லாக்-இசட் மரபணுவை வைப்பார்கள்; அது தயாரிக்கும் நொதி இருக்கும் இடம் சாயமேற்றினால் நீலமாகத் தெரியும். மூன்றும் சேர்ந்த இந்த டி.என்.ஏ. தொகுப்பை ("கட்டு" என்போம்) மைக்ரோலிட்டருக்கு 1 முதல் 3 நானோகிராம் செறிவில் கருவுற்ற எலி முட்டையின் உட்கருவுக்குள் ஊசியால் செலுத்தி, வாடகைத் தாயில் வைத்து, 11.5 நாளில் கருவை எடுத்துச் சாயமேற்றுவார்கள். கட்டு எந்தக் குரோமோசோமில் போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. பக்கத்திலுள்ள வேறு என்ஹான்சரின் பிடியில் சிக்கினால் பொய்யான இடத்தில் நீலம் தெரியும். இதனால்தான் தனித்தனியாக உருவான குறைந்தது மூன்று கருக்களில் ஒரே இடத்தில் நீலம் வந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரே ஒரு அழகான படத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். காஸ்-9 கொண்டு எப்போதும் ஒரே பாதுகாப்பான இடத்தில் கட்டைச் செருகும் முறை இப்போது உண்டு. வசதி இருந்தால் அதுவே மேல்.

சாயமேற்றல் எளிது போலத் தோன்றும், நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். 11.5 நாள் கருவை 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் சுமார் 30 நிமிடம், குளிரில் ஊறவையுங்கள். இரவு முழுக்க விட்டால் நொதி செத்துவிடும், நீலமே வராது. பிறகு 2 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 0.01 சதவீத டீஆக்ஸிகோலேட், 0.02 சதவீத என்.பி.-40 கலந்த பாஸ்பேட் கரைசலில் மூன்று முறை கழுவல். சாயக் கரைசலில் இவற்றோடு பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 5, ஃபெர்ரோசயனைடு 5 மில்லிமோலார், எக்ஸ்-கால் (அந்த நொதி பட்டதும் நீலம் தரும் பொருள்) மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். எக்ஸ்-காலை டைமெத்தில் ஃபார்மமைடில் கரைத்து வைப்பதால் அந்தச் சேமிப்புக் கரைசலைப் பாலிஸ்டைரீன் குழாயில் ஊற்றாதீர்கள், குழாய் கரையும். பி.எச். 7.3-க்குக் கீழே இறங்கக் கூடாது: செல்களுக்குச் சொந்தமாக, அமிலத்தில் வேலை செய்யும் இதே வகை நொதி உண்டு, பி.எச். இறங்கினால் அது நீலம் கொடுத்து ஏமாற்றும். கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கி வடிகட்டியபின் கருவைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் ஒட்டும். இருட்டில் சில மணி நேரம் முதல் ஓர் இரவு வரை. கட்டு இல்லாத உடன்பிறப்புக் கருவும் அதே குப்பியில் இருக்கட்டும். மூளையின் உட்குழிவில் மட்டும் மங்கலாக நீலம் தெரிந்தால் அது பெரும்பாலும் தேங்கிய சாயம்.

எலிக்கூடம் இல்லையென்றால் வரிக்குதிரை மீன். நொதியின் உதவியோடு மரபணுத்தொகுதிக்குள் செருகிக்கொள்ளும் டால்-2 கட்டில் பச்சை ஒளிர் புரதத்தை வைத்து, ஒருசெல் நிலையில் அந்தக் கட்டு உள்ள பிளாஸ்மிட் (வட்ட டி.என்.ஏ.), நொதி ஆர்.என்.ஏ. இரண்டும் மைக்ரோலிட்டருக்கு 25 நானோகிராம் வீதம் சேர்ந்த கலவையை ஏறத்தாழ 1 நானோலிட்டர் செலுத்தினால் மறுநாளே ஒளி தெரியும். ஊசி போட்ட மீனில் ஒளி திட்டுத்திட்டாகத்தான் வரும்; அடுத்த தலைமுறையில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இப்படிச் செலுத்திய கட்டில் நீலமோ ஒளியோ வந்தால் "இந்தத் துண்டால் முடியும்" என்று பொருள். "இந்தத் துண்டு இல்லாவிட்டால் முடியாது" என்பதற்கு அதை மரபணுத்தொகுதியிலிருந்தே வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்துக் காஸ்-9 கொண்டு வெட்டலாம். துண்டு தலைகீழாகத் திரும்பி அங்கேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு, பி.சி.ஆர். வடிவமைக்கும்போது அதையும் சேர்த்துச் சோதியுங்கள். வெட்டியும் எலி சாதாரணமாகவே இருந்தால் அதிர்ச்சி வேண்டாம். 2018-ல் கை, கால் என்ஹான்சர்கள் பத்தை ஒவ்வொன்றாக வெட்டியபோது ஒன்றிலும் கண்ணுக்குத் தெரியும் குறை வரவில்லை. முக்கியமான மரபணுக்களுக்கு மாற்றுச் சுவிட்சுகள் உண்டு. ஒரே மரபணுவின் இரண்டு என்ஹான்சர்களைச் சேர்த்து வெட்டியபோதும், மரபணுவின் ஒரு பிரதியை ஏற்கெனவே இழந்த எலியில் வெட்டியபோதும்தான் குறை வெளிப்பட்டது. கைக்கு இசட்.ஆர்.எஸ். ஒற்றை ஆளாக நிற்பதால்தான் அதில் ஓர் எழுத்து மாறினாலே விரலில் தெரிகிறது.

இதில் மருத்துவப் பக்கம் ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. மரபணுச் சோதனை என்று பொதுவாக எழுதித்தரப்படும் எக்சோம் சோதனை, புரதம் தயாரிக்கும் 1 முதல் 2 சதவீதப் பகுதியைத்தான் படிக்கும். இசட்.ஆர்.எஸ். இருப்பது இன்ட்ரானுக்குள். கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோ மூன்று கணுக் கட்டைவிரலோ குடும்பத்தில் பலருக்கு இருந்து, அறிக்கை "மாற்றம் எதுவும் இல்லை" என்று வந்தால், அந்த 800 எழுத்துத் துண்டைத் தனியாகப் படித்தார்களா, அந்தப் பகுதி இரட்டித்திருக்கிறதா என்று பார்த்தார்களா என மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள். சுண்டுவிரல் பக்கம் கூடுதல் விரல் என்றால் இந்தத் தேடல் வேண்டாம். அது வேறு வகை, ஜி.எல்.ஐ.3 போன்ற வேறு மரபணுக்களிலிருந்து தொடங்க வேண்டும்.